மூன்று இருதயங்களின் வம்சம்

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தை அடுத்த களிமண் ஓடைகளில் ஆடு மேய்ப்போர் காணும் சுருள் வடிவக் கற்கள், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பிரதேசம் சமுத்திரமாயிருந்தபோது வாழ்ந்த அம்மோனைட்டுகளின் ஓடுகளாம். ஆழ்கடலில் இன்று உலவும் கணவாய்க்கு அவை நெருங்கிய பந்துக்கள்.

மேயும் ஆட்டுக்கு இருதயம் ஒன்று, இரத்தம் இரும்பினால் சிவப்பு. கணவாய்க்கோ இருதயம் மூன்று, இரத்தம் செம்பினால் நீலம். நிலத்துப் பெருமிருகமான யானையின் விழி எலுமிச்சம்பழ அளவே இருக்க, இராட்சதக் கணவாயின் விழியோ சுமார் 27 சென்டிமீட்டர் விட்டமுள்ளது. காரிருளில் திமிங்கிலத்தைத் தூரத்திலேயே கண்டு தப்புதற்கே இத்தனை பெரிய நேத்திரம் என்பது விஞ்ஞானிகள் சிலரின் அனுமானம். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

மெல்லுடலான கணவாய் பாறையில் சுவடு பதிப்பது அபூர்வம். ஓடு தாங்கிய அம்மோனைட்டுகளோ ஏராளமாக நிலைத்தமையால், பூகர்ப்ப ஆராய்ச்சியாளர் ஸ்டோலிச்கா 1860-களிலேயே அவற்றை வருணித்து விரிவான கிரந்தம் இயற்ற முடிந்தது.