டன்னிச்: கடல் உண்ட ஊர்

இங்கிலாந்து தேசத்தின் கீழ்கரையில், சபக் என்னும் கோட்டத்தைச் சார்ந்து, டன்னிச் என்றொரு சிற்றூர் உளது. ஆங்கிலத்தில் எழுதுங்கால் இடையே வகரவோசைக்குரிய ஓரெழுத்து வரினும், அது நாவில் ஒலிப்பதில்லை. இன்று ஆங்குச் செல்வோர் காண்பன சில வீடுகளும், ஒரு சிறு தேவாலயமும், பரல் செறிந்த நெடுங்கரையுமே. இவ்வூர் எழுநூறு ஆண்டுகட்கு முன் அந்நாட்டுப் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாய் விளங்கிற்றென்றால் நம்புதல் அரிது. அது தேய்ந்த வரலாற்றையும், அதுபற்றி மக்கள் வழிவழியாய்ச் சொல்லிவரும் நினைவுகளையும் ஈண்டு ஒருசிறிது எழுதப் புகுகின்றோம்.

1086ஆம் ஆண்டில் வில்லியம் அரசன் தன் நாட்டு நிலங்களையும் வருவாயையும் ஆராய்ந்து எழுதுவித்த 'டூம்ஸ்டே' ஏட்டிலே இவ்வூர் காணப்படுகின்றது. அப்பொழுதே ஆங்கு மூன்று தேவாலயங்கள் இருந்தன. ஊரார் செலுத்திய இறையுள் 68,000 ஹெர்ரிங் மீன்களும் அடங்கும். ஊரைச் சார்ந்த விளைநிலத்தில் ஒரு பாதியைக் கடல் கொண்டுபோயிற்றென்னும் செய்தியும் அவ்வேட்டிலேயே உளது. ஊர் வளரத் தொடங்கிய காலத்துக் குறிப்பிலேயே அதன் முடிவிற்கு அறிகுறி இருந்தமை எமக்குப் பெருவியப்பளித்தது. 1199இல் ஜான் அரசன் நகருரிமைப் பட்டயம் அளித்தான்.

அக்கரை பாறையன்று, மணலும் பரலும் இறுகிய மென்மேடு. அலை அடியைக் குடையவே, மேலுள்ளது தானே சரியும். சரிந்தவற்றையும் வடகரையினின்று வருவனவற்றையும் நீரோட்டம் தெற்கே ஈர்த்துச் சென்று ஆற்றின் முகத்தில் திட்டாகக் குவிக்கும். ஆகவே ஒரே கடல் ஒருபுறம் ஊரை அரித்தது. மற்றொருபுறம் துறையை அடைத்தது. 1286, 1287ஆம் ஆண்டுகளில் எழுந்த பெரும்புயல்கள் கரையைச் சிதைத்தன. 1328இல் வீசிய புயலோ துறைவாயையே அடைத்துவிட்டது. ஆறு வடக்கே வேறு வாய் திறந்தது. மரக்கலங்களும் அவ்வழியே சென்றன. சுங்கம் யார்க்குரியதென டன்னிச் மக்கள் அயலூராரோடு நெடுங்காலம் பூசலிட்டனர். வீடுகள் வீழ்ந்தமையினும் துறை அடைபட்டமையே ஊரை மாய்த்ததென்பது எம் கருத்து. வாணிகம் இருப்பின் வீழ்ந்த வீட்டை மேற்கே தள்ளிக் கட்டலாம். அது நீங்கியபின் யார் கட்டுவர்?

ஆயினும் பாராளுமன்றத்திற்கு இரண்டு உறுப்பினரை அனுப்பும் உரிமை மட்டும் நீங்காது நின்றது. 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் அதனைப் பறித்தபொழுது ஆங்கிருந்த வாக்காளர் 32 பேரே!

இனி மக்கள் நினைவிற்கு வருவோம். புயலிரவுகளில் கடலின் அடியிலிருந்து ஆலயமணிகள் ஒலிக்கும் என்பது அக்கரையில் வழங்கும் கதை. கேட்டார் உள்ளத்தை உருக்கும் கதைதான். வரலாறோ வேறு கூறுகின்றது. கடல் அணுகுவதைக் கண்ட ஊரார் பரிசுத்த யோவான் ஆலயத்தை 16ஆம் நூற்றாண்டில் தாமே பிரித்தெடுத்தனர். பரிசுத்த பேதுரு ஆலயத்தின் ஈயத்தகடுகளும் மரங்களும் மணிகளும், சுவர்கள் கடலில் வீழுமுன்னரே அகற்றப்பட்டன. வெறுஞ்சுவர்களே கடலுக்குக் கிடைத்தன. கதையிலே ஒரே இரவில் மூழ்கிய நகரம், மெய்யிலே பல நூற்றாண்டுகளாகச் சிறிது சிறிதாய்க் கழிந்ததாகும்.

அக்கழிவைக் கண்ணாரக் கண்டோர் சென்ற நூற்றாண்டிலும் இருந்தனர். வழிபாடு நீங்கிப் பாழடைந்து கிடந்த சகல பரிசுத்தவான்கள் ஆலயம் 1904இல் மேட்டின் விளிம்பை அடைந்தது. அதன் பின்னர் ஒவ்வொரு பகுதியாய்ச் சரிந்து, 1919இல் கோபுரமும் வீழ்ந்தது. இடையில் எடுத்த நிழற்படங்கள் அஞ்சலட்டைகளில் அச்சாகிப் பரவின. அவற்றை வரிசையாக வைத்து நோக்கின், ஓராலயம் ஆண்டுதோறும் குறைந்து வருதல் தெரியும். கல்லறைத் தோட்டமும் இடிந்தமையால் முன்னோர் என்புகள் மேட்டின் முகத்தில் வெளிப்பட்டன. மணியோசையைக் காட்டினும் இக்காட்சியே எம் நெஞ்சை மிகுதியும் வருத்துவது.

நீர் கலங்கியிருத்தலின் ஆங்கு மூழ்குவோர்க்குக் கண் பயன்படுவதில்லை. எனவே சௌதாம்ப்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் சியர் முதலானோர் ஒலியலைகளைச் செலுத்தி ஆராய்ந்து, கடலடியில் கிடக்கும் இடிபாடுகளைப் படமாக வரைந்து 2013இல் வெளியிட்டனர்.

நிலத்தின்மேல் எஞ்சியவற்றுள் பிரான்சிஸ்கு துறவியரின் மடம் ஒன்று. முதல் மடத்தைக் கடல் கெடுத்தமையால் 1290இல் மேற்கே விலகி அவர்கள் மற்றொன்று அமைத்தனர். அம்மடத்தின் மதில் இன்று கரைமேட்டின் விளிம்பிற்கு மிக அணித்தாய் நிற்கின்றது.