வாட்ச் சொன்னால் போதுமா?

சிங்கப்பூரிலிருந்து வந்த என் கொழுந்தனார், மாமனாருக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி வந்தார். பக்கவாட்டு பட்டனில், 30 வினாடி விரலை வைத்தால், இ.சி.ஜி., எடுத்துக் காட்டும். 'சைனஸ் ரிதம்' என்று வந்தால், துடிப்பு சீர் என்று அர்த்தமாம். மாமனார் முகமெல்லாம் சிரிப்பு. பேசிக் கொண்டே எடுத்து, 'முடிவு தெரியவில்லை' என்று வந்து விட்டாலோ, வீடே அல்லோலகல்லோலம் தான்!

சென்ற மாதம் ஒரு நாள் இரவு, 'நெஞ்சை அமுக்கற மாதிரி இருக்கும்மா...' என்றார். சட்டையெல்லாம் வியர்வை. வாட்சில் பார்த்தால், வழக்கம் போல் சைனஸ் ரிதம்!

'பாத்தியாம்மா, ஒண்ணுமில்ல, வாயு தான். ஓமத் தண்ணி குடு...' என்று படுக்கப் போய் விட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கணவரை எழுப்பி, 108க்கு போன் செய்ய வைத்தேன். மருத்துவமனையில் எடுத்த இ.சி.ஜி.,யில், மாரடைப்பு என தெரிந்தது.

'வாட்ச், ஒரே கோணத்தில் தான் பார்க்கும். நாங்கள், 12 கோணத்தில் பார்க்கிறோம். துடிப்பு தாறுமாறாக இருந்தால், அது சொல்லும். அந்த பதிவை கொண்டு வந்து காட்டுங்கள். ஆனால், ரத்தக் குழாய் அடைப்பை அது சொல்லாது. நெஞ்சு வலித்தால், வாட்சை பார்க்காமல் கிளம்பி வாருங்கள்...' என்றார் டாக்டர்.

மாமனார் இப்போது நலம். வாட்சை மட்டும் கழற்ற மாட்டேன் என்கிறார், மணி பார்க்கிறாராம்!

— ஒரு வாசகி, திண்டுக்கல்.