லிட்டர் டீசலுக்கு மூன்றரை யூனிட்; மிச்சம் எங்கே போகிறது?

2012 மின்வெட்டுக் காலத்தில் மதுரை மாசி வீதிகளில் நடந்தவர்களுக்கு அந்த அனல் மறந்திருக்காது. கடை வாசலில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். ரேடியேட்டர் பக்கமாகக் கடந்தால் முழங்காலில் சுள்ளென்று சூடு அடிக்கும். பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தாய்மார்கள் ஒதுங்கிப் போவார்கள். நம்மைச் சுட்ட அந்த அனலுக்கும் சேர்த்துத்தான் கடைக்காரர் டீசலுக்குக் காசு கொடுத்தார்.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் டீசலை எரித்தால் ஏறக்குறைய 10 யூனிட் வெப்பம் கிடைக்கும். சாதாரண ஜெனரேட்டர் அதில் மூன்றரை யூனிட் அளவைத்தான் மின்சாரமாக மாற்றும். மிச்சத்தில் பெரும்பகுதி இரண்டு வழிகளில் வெளியேறுகிறது. ஒன்று சைலன்சர் புகை. 400 டிகிரிக்கு மேல் கொதிக்கும். மற்றொன்று எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர். 80, 90 டிகிரியில் இருக்கும்.

இந்தச் சூட்டை வீணாக்காத இடங்களும் உண்டு. கனடாவின் வடகோடியில் உள்ள டயாவிக் போன்ற வைரச் சுரங்கங்களுக்கு மின்கம்பி போகவில்லை. குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்த பிறகு, அந்தப் பனிக்கட்டி மீது போடும் பாதையில்தான் வருடம் முழுமைக்குமான டீசல் லாரிகளில் வந்து சேர வேண்டும். வெளியே மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும். இப்படிப்பட்ட இடத்தில் சூட்டை வீணாக்க யாருக்கு மனம் வரும்? எஞ்சின் சூட்டை உறையாத திரவத்தில் ஏற்றி, குழாய் வழியே தங்குமிடங்களுக்கும் பட்டறைகளுக்கும் அனுப்புகிறார்கள். அண்டார்க்டிகாவில் 2012-இல் இந்தியா திறந்த ‘பாரதி’ ஆய்வு நிலையத்திலும் மின்சாரத்தையும் வெப்பத்தையும் சேர்த்தே தரும் எஞ்சின்கள்தான் ஓடுகின்றன.

‘வெயிலில் காய்கிற மதுரைக்கு இது எதற்கு?’ என்று தோன்றலாம். பதில் திண்டுக்கல் சாலையில், சமயநல்லூரில் இருக்கிறது. அங்கே 2001-இல் 106 மெகாவாட் திறனுள்ள தனியார் மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கி, மின்வாரியத்துக்கு மின்சாரம் விற்றது. எரிபொருள், பர்னஸ் ஆயில். சித்திரை வெயிலிலும் அது வெல்லப்பாகு போலக் கெட்டியாகத்தான் இருக்கும். 100 டிகிரிக்கு மேல் சூடேற்றினால்தான் எஞ்சினுக்குள் பூவாகத் தூவ முடியும். இத்தகைய நிலையங்களில் எஞ்சின் புகையைப் பாய்லருக்குள் விட்டு நீராவி எடுத்து, அந்த நீராவியாலேயே எண்ணெயை இளக்குவது வழக்கம். புகையை ஒரேயடியாகக் குளிரவிடவும் கூடாது. எண்ணெயில் உள்ள கந்தகம் அமிலமாகப் படிந்து குழாயை அரித்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சமயநல்லூரில் எடுத்த மின்சாரம் கம்பியில் ஏறி மேலூருக்கும் போகலாம், உசிலம்பட்டிக்கும் போகலாம். வெந்நீரால் அப்படி எளிதாகப் போக முடியாது. வழியெல்லாம் சூட்டை இழந்துகொண்டே போகும். ஆகவே சூடு தேவைப்படுகிற இடத்திலேயே எஞ்சின் இருக்க வேண்டும். சாயப்பட்டறை, பால் பண்ணை, நெல் அவிக்கும் ஆலை, மருத்துவமனை எல்லாவற்றுக்கும் சூடு வேண்டும். 200 கிலோவாட் சுமையில் ஓடும் ஜெனரேட்டரின் குளிர்விப்பு நீரிலுள்ள சூடு மட்டுமே, மணிக்கு 2,000 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்றிவிடும். சூட்டிலிருந்து குளிரையும் எடுக்கலாம். லித்தியம் புரோமைடு உப்புக் கரைசலைக் கொண்டு இயங்கும் உறிஞ்சுமுறைக் குளிரூட்டிகள் எஞ்சின் சூட்டிலேயே ஓடி, குளிர்ந்த நீரைத் தருகின்றன. மதுரை வெயிலுக்கு இது நன்றாகப் பொருந்தும் என்பேன்.

ஆனால் தினமும் அரை மணி நேரம் ஓடும் ஜெனரேட்டருக்கு இந்தச் செலவு கட்டாது. நாள்தோறும் பல மணி நேரம் ஓடினால்தான் போட்ட முதல் திரும்பும்.

அப்படி இரவு பகலாக ஓடும் இடம் கரும்பு ஆலை. சக்கையை எரித்து உயர் அழுத்த நீராவி எடுத்து, முதலில் டர்பைனைச் சுழற்றுகிறார்கள். வேலை முடித்து வெளியே வரும் நீராவியிலும் சாறு காய்ச்சும் அளவுக்குச் சூடு இருக்கிறது. ஒரே நெருப்பில் மின்சாரமும் சர்க்கரையும்; இதுதான் இணை மின் உற்பத்தி. மதுரைச் சமவெளிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. அலங்காநல்லூரில் அதற்கு ஒரு கூட்டுறவு ஆலையே இருக்கிறது. சில ஆண்டுகளாக அரைவை நின்று, விவசாயிகள் திறக்கச் சொல்லிப் போராடி வருகிறார்கள். திறக்கும்போது பழைய பாய்லரைத் துடைத்து ஓட்டினால் மட்டும் போதாது. இணை மின் உற்பத்தியோடு திறக்க வேண்டும்.

புதிதாக ஜெனரேட்டர் வாங்கப்போகும் மருத்துவமனைக்காரர்களும் ஆலைக்காரர்களும் விலைப்பட்டியலைக் கையில் வாங்கும்போது, எத்தனை கே.வி.ஏ. என்பதோடு, அதன் சூட்டை எங்கே பயன்படுத்தலாம் என்றும் விற்பனையாளரிடம் கேளுங்கள்.