விமானம் ஏறும் கிட்டார்

ராஜபாளையத்திலிருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ கிட்டாரோடு விமானப் பயணம் கிளம்புகிறவர் பெரும்பாலும் மதுரைக்குத்தான் போவார். திருமங்கலம் வரை பேருந்தில் அதை மடியில் சாய்த்துக்கொள்ளலாம். விமானத்தில் அது நடக்காது.

உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவான எடை வரம்பு 7 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். முழு அளவு கிட்டாரின் நீளமே 100 செ.மீ.யைத் தொட்டுவிடும். அதனால் டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுவது நல்லது. சில நிறுவனங்கள் வாத்தியத்துக்குத் தனி இருக்கையே விற்கின்றன.

சரக்கில் போடும் வாத்தியம் தொலையலாம், உடையவும் செய்யலாம். சரோத் மேதை அம்ஜத் அலி கானுக்கே 2014-ல் லண்டனிலிருந்து டெல்லி திரும்புகையில் வாத்தியம் காணாமல் போய், சில நாள்கள் கழித்துத்தான் கிடைத்தது. கனடா பாடகர் டேவ் கரோல் பட்ட பாடு இன்னும் பெரிது. 2008-ல் யுனைடெட் விமானத்தில் போனபோது அவருடைய டெய்லர் கிட்டார் உடைந்தது. பல மாதங்கள் முறையிட்டும் இழப்பீடு கிடைக்கவில்லை. 2009 ஜூலையில் அதையே பாட்டாக்கி யூடியூபில் வெளியிட்டார், லட்சக்கணக்கானோர் கேட்டார்கள்.

சரக்குப் பகுதியில் போட நேர்ந்தால் துணி உறை போதாது, கெட்டியான பெட்டி அவசியம். கீழே விழுந்தால் பெரும்பாலும் முறிவது கழுத்தும் தலைப்பகுதியும் சேரும் இடம்தான். அங்கே பழைய வேட்டியையோ துண்டையோ இறுக்கமாக அடைக்க வேண்டும். உலோகத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையோடு கழுத்தை இழுப்பதால், அவற்றையும் சற்றே தளர்த்திவிடலாம். தந்தி வெட்டும் கருவியைக் கைப்பையில் வைக்கக் கூடாது. பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.