கோலார் தங்கவயல் தமிழர்களின் முன்னோர் தேடல்

கோலார் தங்கவயல் தமிழர்களின் முன்னோர் தேடல் என்பது, கோலார் தங்கச் சுரங்கங்களுக்கும் அங்கிருந்து வேறு சுரங்கங்களுக்கும் வேலை தேடிச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களின் சொந்த ஊர், பெயர், உறவு ஆகியவற்றை அவர்களின் வழித்தோன்றல்கள் கண்டறியும் முயற்சியாகும். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து மேற்பார்வையாளர்களாக வந்தவர்களின் சந்ததியினர் ஞானஸ்நானப் பதிவேடு, கப்பல் பயணிகள் பட்டியல், மக்கள்தொகைக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டு பல தலைமுறைகளை எளிதில் எட்டிவிடுகின்றனர். அதே சுரங்கத்தில் இறங்கிய தமிழரின் பேரப்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தாத்தாவின் பெயருக்கு அப்பால் எதுவும் கிடைப்பதில்லை. கம்பெனிக் கணக்குகளில் அவர்கள் ஆளாக எண்ணப்பட்டார்களே தவிர, பெயராக எழுதப்பட்டது குறைவு.

குடிபெயர்வின் பின்னணி

1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் கோலார் பகுதியில் கால் பதித்த பின் மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் முதலிய சுரங்கங்கள் வளர்ந்தன. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து தொழிலாளர்கள் திரண்டு வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். பஞ்சமும் பண்ணையடிமை முறையும் அவர்களை ஊரை விட்டுத் தள்ளின. மாதக் கூலி இழுத்தது. சென்னை–பெங்களூரு இருப்புப்பாதை முன்பே இருந்தது. 1894இல் பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை கிளைப்பாதை திறக்கப்பட்டது. எனவே சொந்த ஊரின் பெயர் தெரியாத குடும்பங்கள் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, சோலையார்பேட்டை என்று இந்தப் பாதையையொட்டிய வட்டாரங்களிலிருந்து தேடலைத் தொடங்குவது பயன் தரும்.

சுரங்கம் விட்டுச் சுரங்கம்

ஒருவர் வாழ்நாள் முழுவதும் ஒரே சுரங்கத்தில் இருந்தார் என்று கொள்ள முடியாது. தங்கவயலுக்குள்ளேயே ஒவ்வொரு சுரங்கமும் தனிக் கம்பெனி. ஜான் டெய்லர் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அனந்தபூர் மாவட்ட ராமகிரியிலும் ராய்ச்சூர்ப் பகுதியின் ஹட்டியிலும் சுரங்கங்களை நடத்தியதால், அனுபவமுள்ள ஆட்கள் அங்கும் செல்ல வழி இருந்தது. ஹட்டிச் சுரங்கம் இடையில் மூடப்பட்டு, 1947இல் தொடங்கிய ஹைதராபாத் கோல்டு மைன்ஸ் கம்பெனியின் மூலம் புத்துயிர் பெற்றது.

இந்த மூன்று இடங்களும் அன்று மூன்று அரசுகளின் கீழ் இருந்தன. கோலார் மைசூர் சமஸ்தானத்தையும், ராமகிரி சென்னை மாகாணத்தையும், ஹட்டி நிஜாம் ஆட்சியையும் சேர்ந்தவை. ஆகவே ஒரே தொழிலாளரைப் பற்றிய தாள்கள் பெங்களூரு, சென்னை, ஹைதராபாத் ஆகிய மூன்று நகரங்களின் ஆவணக் காப்பகங்களில் சிதறிக் கிடக்கலாம்.

பெயர் என்னும் சிக்கல்

தமிழ் மரபில் குடும்பப் பெயர் கிடையாது; தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கும். முழுப் பெயர் தெரியாமல் முதலெழுத்து மட்டும் எஞ்சினால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். எனவே முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு தலைமுறையின் முதலெழுத்தையும் முழுப் பெயராக விரித்து எழுதி வைப்பதாகும். கன்னட, ஆங்கில எழுத்தர்கள் தமிழ்ப் பெயர்களைத் தத்தம் காதுக்கு எட்டியபடி எழுதியதால், ஒரே பெயர் பல வடிவங்களில் வரும்.

மதமாற்றமும் பெயரை மாற்றியது. கிறித்தவம் தழுவியவர்கள் திருமுழுக்குப் பெயரைப் பெற்றனர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வலுவாக வேரூன்றியதால், பௌத்தப் பெயர்களும் வழக்கில் வந்தன.

ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவர் வேறு பெயரில் அடுத்த சுரங்கத்தில் சேர்வதும் நடந்தது. இதைத் தடுக்க நிர்வாகம் கைரேகைப் பதிவைக் கொண்டுவர முனைந்தபோது, 1930இல் தொழிலாளர்கள் சுமார் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். பெயர் மாற்றம் அவர்களுக்குப் பிழைப்பைக் காக்கும் வழியாக இருந்தது. அதுவே இன்று பேரப்பிள்ளைகளின் தேடலைக் கடினமாக்குகிறது.

பயன்படும் ஆவணங்கள்

வீட்டுத் தாள்கள்: சம்பளச் சீட்டு, வைப்புநிதித் தாள், ஓய்வு உத்தரவு, குடும்ப அட்டை, எண் பொறித்த உலோக வில்லை. பணியாளர் எண்ணுடன் சுரங்கத்தின் பெயரும் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. ஒப்பந்தக்காரர் அல்லது மேஸ்திரியின் கீழ் வேலை செய்தவர்களின் பெயர்கள் கம்பெனிப் பேரேட்டில் இல்லாமலே போயிருக்கலாம்.

தேவாலயப் பதிவேடுகள்: திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றில் பெற்றோர் பெயரும் சில வேளைகளில் சொந்த ஊரும் இருக்கும்.

பள்ளி மாற்றுச் சான்றிதழ்: பிறந்த தேதி, தந்தை பெயர், சாதி ஆகியவற்றுக்கு நம்பத்தக்க சான்று.

விபத்து, நோய்ப் பதிவுகள்: பாறை வெடிப்பில் இறந்தவர்களின் வாரிசுகளுக்கு இழப்பீடு வழங்கும்போது உறவுமுறையைக் குறிக்க வேண்டியிருந்தது. கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் நுரையீரல் நோய்க்கான இழப்பீட்டு விதிகளை மைசூர் அரசு 1940இல் வகுத்தது. வாழும்போது பதிவாகாத ஒருவரின் பெயர் அவருடைய மரணத்தால் பதிவாகியிருக்கக்கூடும்.

இதழ்கள்: அயோத்திதாசர் 1907 முதல் நடத்திய 'தமிழன்' இதழ் தங்கவயல் செய்திகளை வெளியிட்டது, பின்னாளில் அப்பாதுரையார் அதைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார்.

பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகள் எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் வந்தனர் என்ற தொகையை மட்டுமே தரும். தனிநபர் பெயர் அவற்றில் கிடைக்காது.

ஊரை அடையாளம் காணுதல்

பழைய தாளில் உள்ள மாவட்டப் பெயரை அப்படியே இன்றைய வரைபடத்தில் தேடக் கூடாது. வட ஆர்க்காட்டின் ஒரு பகுதி 1911இல் சித்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று. எஞ்சியதிலிருந்து வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களும், 2019இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களும் உருவாயின. சேலத்திலிருந்து 1965இல் தருமபுரியும், அதிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரியும் பிரிந்தன.

நிலமற்றவர்களுக்குப் பட்டாவோ அடங்கலோ இராது. அவர்களுக்குக் குலதெய்வமே உறுதியான தடயம். மொட்டை அடிக்கவும் பொங்கல் வைக்கவும் குடும்பம் எந்தக் கோயிலுக்குப் போனது, யாரைப் பங்காளி என்று அழைத்தது என்பதை மூத்த பெண்களிடம் கேட்டால் ஊரின் பெயர் கிடைக்கும். பெண் கொடுத்து எடுத்த ஊர்களின் பட்டியலும் தேடும் வட்டத்தைச் சுருக்கும்.

இன்றைய நிலை

சுரங்கங்களை 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் ஏற்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலையை இழந்த குடும்பங்களில் பலர் அன்றாடம் ரயிலேறிப் பெங்களூருக்குச் செல்கின்றனர். பலர் வேறு ஊர்களில் குடியேறிவிட்டனர். லைன் வீடுகள் காலியாகும்போது தகரப் பெட்டிகளில் இருந்த தாள்களும் அழிகின்றன. சுரங்கத்தில் இறங்கிய கடைசித் தலைமுறை முதுமையில் இருப்பதால், வாய்மொழித் தகவல்களைப் பதிவு செய்வது அவசரப் பணியாகும்.

பிற தொழில்களுக்கும் பொருந்தும் முறை

இத்தேடல் முறை சுரங்கத்துக்கு மட்டும் உரியதன்று. திருப்பூர், மங்கலம் வட்டாரத்தின் பனியன் கம்பெனிகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் வெளி மாவட்ட, வெளி மாநிலத் தொழிலாளர்கள் கம்பெனி விட்டுக் கம்பெனி மாறுகின்றனர். 2014 முதல் வைப்புநிதி உறுப்பினருக்கு வேலை மாறினாலும் மாறாத ஒரே பொது எண் வழங்கப்படுகிறது. ஆனால் வாரக் கூலிக்கும் பீஸ் கணக்கிலும் வேலை செய்வோர் பலர் அதற்கு வெளியேதான் உள்ளனர். மாணவர்கள் தம் வீட்டுப் பெரியவர்களின் முழுப் பெயர், சொந்த ஊர், வேலை செய்த இடங்கள், ஆண்டுகள் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த தலைமுறைக்கு அதுவே முதல் ஆவணமாகும்.