வீட்டு கேமராவுக்கு டிடிஎன்எஸ்... பெயர் பதிவதற்கு முன் இதை செக் பண்ணுங்க!

பெரம்பலூர் வெங்காயப் பட்டறையில் கேமரா மாட்டி, அரியலூர் வீட்டிலிருந்து செல்போனில் பார்க்கணுமா? சிக்கல் ஒன்றுதான்: பிராட்பேண்டின் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருக்கும். அதை மாறாத பெயரோடு இணைப்பதே டைனமிக் டிஎன்எஸ்.

டக்டிஎன்எஸ் இலவசம். நோ-ஐபியின் இலவசப் பெயரை 30 நாளுக்கு ஒருமுறை உறுதிசெய்யணும். மறந்தால் பெயர் போச்சு. இலவசம் எப்போதும் நிலைக்காது. டின் நிறுவனம் 2014-ல் நிறுத்திவிட்டது.

ஆனால், முதலில் ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் உள்ள ஐபியையும், கூகுளில் ‘வாட் இஸ் மை ஐபி’ எனத் தேடினால் வருவதையும் ஒப்பிடுங்க. ரூட்டரில் 100.64 எனத் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம், அது பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பங்கிடும் சிஜிநாட். அந்த முகவரிக்கு வெளியிலிருந்து நேரடியாக வர முடியாது. காசு கொடுத்து வாங்கிய டிடிஎன்எஸ்கூட உதவாது. இணைப்பு தருபவரிடம் ஸ்டேட்டிக் ஐபி கேட்கலாம். செலவு வேண்டாமென்றால் கேமராவின் கிளவுட் ஆப்பே போதும்.