மின்தேக்கி மின்னிறக்கம்

மின்தேக்கி மின்னிறக்கம் என்பது மின்சுற்றைச் சோதிக்கும் முன், அதன் மின்தேக்கிகளில் தேங்கியுள்ள மின்னூட்டத்தைப் பாதுகாப்பாக வெளியேற்றும் முறை ஆகும். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் மின்தேக்கியில் மின்னழுத்தம் நிலைத்திருக்கும்.

தேவை

சென்னையின் மேற்கே, 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில், மோட்டார்களின் வேகத்தை மாற்ற அதிர்வெண் மாற்றிகள் பயன்படுகின்றன. இவை 415 வோல்ட்டு மும்முனை மின்சாரத்தை ஏறத்தாழ 560 வோல்ட்டு நேர் மின்னோட்டமாக மாற்றி மின்தேக்கிகளில் சேமிக்கின்றன. அந்த மின்னழுத்தத்தில் 1,000 மைக்ரோபாரடு மின்தேக்கி ஏறத்தாழ 157 ஜூல் ஆற்றலைக் கொண்டிருக்கும். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்க மருத்துவர்கள் தரும் மின்னதிர்ச்சியின் அளவுக்கு இது நிகரானது. தவறித் தொட்டால் உயிரைப் பறிக்கக்கூடும்.

செய்முறை

- முதன்மை இணைப்பைத் துண்டித்து, வேறொருவர் இயக்காதவாறு பூட்ட வேண்டும்.
- கருவியின் மீது குறிக்கப்பட்ட நேரம் வரை காத்திருக்க வேண்டும். உள்ளிருக்கும் மின்தடையம் இந்நேரத்தில் மின்னூட்டத்தைக் குறைக்கும். அது பழுதுற்றிருந்தால் மின்னூட்டம் அப்படியே இருக்கும். விளக்கு அணைந்திருப்பது சான்றாகாது.
- மின்தேக்கியின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். அளவி சரியாக இயங்குகிறதா என்பதை முன்னும் பின்னும் சரிபார்க்க வேண்டும்.
- மின்னழுத்தம் எஞ்சியிருந்தால், காப்பிட்ட கம்பிகளால் தகுந்த திறனுடைய மின்தடையத்தை இணைக்க வேண்டும். 2,000 ஓம் மின்தடையம் மேற்கூறிய மின்தேக்கியை 10 நொடிகளில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறக்கும்.

திருப்புளியால் முனைகளை நேரடியாக இணைப்பது கூடாது. அதனால் தீப்பொறி பறந்து, உலோகம் உருகித் தெறிக்கும். மின்காப்புப் பொருளின் இயல்பால், இறக்கிய பின்னும் மின்னழுத்தம் சிறிது மீள்வதுண்டு. ஆகவே தொடுமுன் மீண்டும் அளப்பது இன்றியமையாதது.